புதுப்பிப்பு: மங்கிப்போன நொண்டி நாடகச் சுவடி

மதுரை ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றில் எழுத்தே தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கால் இழந்த ஒருவன் தன் கதையைச் சொல்லும் நொண்டி நாடகம் அது. இப்போது படிக்க முடிகிறது. மென்தூரிகையால் தூசி தட்டி, விளக்குக்கரியைப் புல்தைலத்தில் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) குழைத்துப் பஞ்சால் நரம்பு ஓடும் வாக்கில் தடவி, உடனே உலர்துணியால் துடைக்க வேண்டும். எழுத்தாணிக் கீறலில் மட்டும் கரி தங்கும். குறுக்கே தேய்த்தால் ஏடு கிழியும். தைலம் கூடினால் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும். மையால் எழுதிய ஏடென்றால் தொடவே வேண்டாம், அழிந்துவிடும்.

படிப்பதுதான் பெரும்பாடு. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ரகரமும் காலும் (நெடிலுக்கான ‘ா’ குறி) ஒரே வடிவம். இந்நாடகத்தின் பாட்டு வடிவமான நொண்டிச்சிந்தின் சந்தம் எங்கே இடறுகிறதோ, அங்கே வாசிப்பைச் சந்தேகப்படுங்கள்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து அச்சு நாடகப் பிரதிகளுக்கு இந்த வைத்தியம் ஆகாது. காகிதத்தில் எண்ணெய் கறையாகிவிடும். செல்லோடேப்பும் கூடாது, பசை பழுத்து எழுத்தையும் சேர்த்துப் பெயர்க்கும்.