மரணக்கிணற்றில் ஒரு சாண் சறுக்கல்: உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

உப்புவெளிக்காரி:

கானிவல் முடிந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மரணக்கிணறு என்றால் எல்லோருக்கும் தெரியும்தானே, பலகையால் கட்டின வட்டக் கிணற்றுக்குள் செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடிக் காட்டுவது. நாங்கள் மேலே விளிம்பில் நின்றோம். ஓடியவன் சின்னப் பெடியன். கை இரண்டையும் விட்டான், ஒரு பக்கமாகத் திரும்பி இருந்து ஓடினான், தங்கச்சியின் மகன் நீட்டிய நூறு ரூபாய்த் தாளைப் பறித்தான். அதெல்லாம் சரி, எல்லா இடமும் காட்டுவதுதான்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தவனின் பின் சில்லு, நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் அளவு பலகையில் சறுக்கியது. சர்ரென்று ஒரு சத்தம், கருகின ரயர் மணம். அவன் பிரேக் பிடிக்கவில்லை. அக்சிலேட்டரை முறுக்கினான்! சைக்கிள் திரும்பவும் சுவரைப் பிடித்து ஏறியது. இன்னொரு சுற்று ஓடிவிட்டு அடியில் இருந்த சரிவுப் பலகையால் இறங்கினான்.

வெளியே தேநீர் குடித்துக்கொண்டு நின்றவனிடம் கேட்டேன். "ஓம் அக்கா, வழுக்கினது தெரியும். வேகம் குறைஞ்சா சுவர் விட்டிடும், கூட்டினாப் பிடிக்கும்" என்றான். விழப் போகிற நேரத்தில் வேகத்தைக் கூட்டுவதற்கு ஒருவனுடைய கை எப்படிப் பழகியிருக்க வேண்டும்! அதுதான் மனதில் நிற்கிறது.

பௌதிக மாஸ்ரர்:

அந்தத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. நான் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறவன், இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். ஓடுகிற பொருள் திசை மாறாமல் ஓடப் பார்க்கும், அதுதான் சடத்துவம், அதனால் சைக்கிள் நேர்கோட்டில் போகப் பார்க்கிறது. சுவர் அதை உள்நோக்கித் தள்ளி வளைக்கிறது. அந்தத் தள்ளல் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு உராய்வு கிடைக்கும். ஆளைக் கீழே விழாமல் தாங்குவது அந்த உராய்வுதான். கிணற்றின் ஆரை 5 மீற்றர், உராய்வுக் குணகம், அதாவது ரயர் பலகையை எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவு, 0.8 என்று வைத்தால், மணிக்கு 28 கிலோமீற்றருக்குக் குறையக் கூடாது. பலகையில் எண்ணெய் பட்டு உராய்வு 0.5 ஆகிவிட்டால் 36 வேண்டும். அவன் 30இல் வந்திருந்தால், சுத்தமான பலகையில் நிற்பான், எண்ணெய்ப் பலகையில் சறுக்குவான். திணிவு கணக்கிலேயே வராது. மெலிந்தவனுக்கும் தடித்தவனுக்கும் ஒரே வேகம்தான்.

சிறு வயதில் நானும் ஒரு கானிவலில் பார்த்தேன். அதில் காரே ஓடியது. சுவர் ஆடின ஆட்டம் நெஞ்சுக்குள் கேட்டது.

கிண்ணியான்:

மாஸ்ரர், எல்லாம் சுவர் தள்ளுவதால்தான் என்கிறீர்கள். வீச்சுவலையில் சுவர் எங்கே இருக்கு?

வாப்பா பாலத்துக்குக் கிட்ட வலை வீசுவார். வலையில் ஒரு பகுதியை முழங்கையில் போட்டு, ஈயம் கோத்த ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி ஒரே வீச்சு. கையை விட்டுப் போகும்போது வலை ஒரு மூட்டையாகத்தான் போகிறது. கொஞ்ச தூரத்தில் ஈயமெல்லாம் வெளியே ஓடி, வலை வட்டமாக விரிந்து, தண்ணீருக்கு மேலே படுத்த மாதிரி நிற்கும். ஒரு கணம்தான். அப்புறம் எல்லா ஈயமும் ஒன்றாகத் தண்ணீரில் விழும் சத்தம்.

போன வருடம் வாப்பாவுக்குத் தோள்பட்டை வருத்தம் வந்தது. வலையை என் கையில் தந்தார். "கையால எறியாத மகன், இடுப்பால திருப்பு" என்றார். நான் வீசியபோது வாழைப்பூ மாதிரிக் குவிந்தபடியே போய் விழுந்தது. அன்றுதான் விளங்கியது, விரியவைப்பது சுழற்சி. எறிவதால் வலை தூரம் மட்டும்தான் போகும்.

பௌதிக மாஸ்ரர்:

கிண்ணியான், நல்ல கேள்வி. வலையில் சுவர் இல்லை, நூல் இருக்கிறது. ஒவ்வொரு ஈயமும் வட்டத்தில் வளையாமல், அந்த நேரம் போகிற திசையிலேயே (தொடுகோட்டில்) நேராக ஓடப் பார்க்கிறது. அதனால் நடுவை விட்டு விலகிக்கொண்டே போகிறது. நூல் இறுகும் இடத்தில் வலை அதை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. கிணற்றில் சுவர் தள்ளுகிறது, வலையில் நூல் இழுக்கிறது, இரண்டுக்கும் திசை ஒன்றுதான், மையத்தை நோக்கி. வெளியே தள்ளுகிற மையநீக்க விசை என்று நாம் சொல்வது, சுழல்கிறவனோடு சேர்ந்து சுழன்று பார்க்கும்போது தோன்றுவது. 1659இல் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி அதைக் கணக்கிட்டார். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது தேவையில்லை.

மூன்று பிள்ளைகளின் தாய்:

என் அண்ணா கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீரோடு தலைக்கு மேலால் சுழற்றுவான். ஒரு சொட்டு விழாது. ஒருநாள் கைபிடி கழன்று வாளி மதிலில் போய் அடித்தது. அந்த மதிலோரம்தான் நான் இருந்தேன்.

அதனால் சொல்கிறேன். உப்புவெளிக்காரி, அந்தப் பிள்ளையைக் காசு நீட்ட விட்டிருக்கக் கூடாது. வேகமாக வருகிறவனின் கை பட்டாலே பிள்ளையின் விரல் திரும்பிவிடும். நீட்டத்தான் வேண்டும் என்றால் பெரியவர்கள் நீட்டுங்கள், தாளை நுனியில் பிடியுங்கள். ஏறுவதற்கு முன் படியைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் ஏறாதீர்கள். விளிம்புக் கம்பியில் நெஞ்சைக் கொடுத்துக் குனிய வேண்டாம். கைக்குழந்தையோடு போகவே வேண்டாம், இரைச்சல் காதுக்கு ஆகாது. ஆட்கள் நிறைந்துவிட்டால் அடுத்த காட்சிக்கு நில்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் வாளி சுழற்றப் பார்த்தால், வெறும் வெளியில், ஆள் இல்லாத பக்கம் பார்த்து, சின்ன வாளியில் அரைவாசிக்குக் குறையத் தண்ணீரோடு செய்யச் சொல்லுங்கள். கைபிடியை முதலில் இழுத்துப் பாருங்கள். ஒரு மீற்றர் நீளக் கயிறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு செக்கனுக்குமேல் எடுத்தால் உச்சியில் தண்ணீர் கொட்டும், இதை மகனின் புத்தகத்தில்தான் பார்த்தேன். சுழற்சியை மேலே வரும்போது நிறுத்தக் கூடாது, கீழே வரும்போதுதான் நிறுத்த வேண்டும்.

உப்புவெளிக்காரி:

அக்கா, பிள்ளை கம்பிக்கு உள்ளேதான் நின்றான், தங்கச்சி கையைப் பிடித்திருந்தாள். நான் கேட்டது சறுக்கலைப் பற்றி.

டிஷ் பூட்டுகிறவன்:

என் கதை வேறு. திருகோணமலையில் கோணேசர் கோயில் பக்கம் ஒரு வீட்டில் டிவி டிஷ் பூட்டினேன். நம்ம ஊர் பூமத்திய கோட்டுக்குக் கிட்ட என்பதால் டிஷ் கிட்டத்தட்ட உச்சியைப் பார்க்கும். வீட்டு ஐயா கேட்டார், "தம்பி, அந்தச் சட்டலைட் ஏன் விழாமல் நிக்குது?"

"விழுந்துகொண்டேதான் இருக்குது ஐயா" என்றேன். அவர் நம்பவில்லை. கோயில் மலையில் கடலுக்கு மேலே இருக்கும் இராவணன் வெட்டில் நின்று கடலுக்குக் கல் எறிந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார். வேகமாக எறிந்தால் தூரப் போய் விழும், இன்னும் வேகமென்றால் இன்னும் தூரம். காற்று இல்லையென்று வைத்தால், செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்த கல் விழ விழ பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகும். கல்லுக்குத் தரை கிடைக்காது. நியூட்டன் மலை உச்சியில் பீரங்கியை வைத்துச் சொன்ன விளக்கம்தான் இது. டிவிச் சட்டலைட் இன்னும் மேலே, 35,786 கிலோமீற்றரில், செக்கனுக்கு 3 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. பூமி ஒருதரம் சுழல எடுக்கும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றுப் போவதால் நமக்கு நிற்கிற மாதிரித் தெரியும்.

ஐயா அப்போது ஒன்று சொன்னார், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த உயரத்தில் சட்டலைட்டுகளை வைத்து உலகம் முழுக்கத் தொடர்பு கொடுக்கலாம் என்று 1945இல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1956இல் இதே கோணேசர் மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களைக் கடலுக்குள் பார்த்தவர். நான் வருடக்கணக்காக டிஷ் பூட்டுகிறேன், அன்றுவரை எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

தம்பலகாமத்தான்:

அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு இல்லை, அதனால்தான் விழவில்லை. விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்களே.

டிஷ் பூட்டுகிறவன்:

இல்லை தம்பி. அவர்கள் இருக்கும் விண்வெளி நிலையம் 400 கிலோமீற்றர் உயரம்தான், அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. ஆளும் நிலையமும் சேர்ந்து விழுவதால் மிதக்கிறார்கள். ஈர்ப்பு இல்லாவிட்டால் வளையவே மாட்டாது, நேராகப் போய்விடும். அந்த நிலையம் நம்ம ஊருக்கு மேலாலும் போகும். பொழுதுபட்ட கையோடு டச்பே கடற்கரைப் பக்கம் நின்றால், சில நாட்களில் மினுங்காத ஒரு வெளிச்சம் சில நிமிடத்தில் வானத்தைக் கடக்கும். நேரம் இணையத்தில் போடுவார்கள். நான் வருகிற சனிக்கிழமை போகிறேன், வருகிறவர்கள் சொல்லுங்கள்.