பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சைமன் விளைவு: எங்கே சறுக்குகிறது?

முகில்:
இருவர் சேர்ந்து செய்யும் சைமன் சோதனை ஒன்றை அமைத்திருக்கிறேன். திரையின் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு வட்டம் வரும். சிவப்பென்றால் இடது நாற்காலியில் இருப்பவர் அழுத்த வேண்டும், பச்சையென்றால் வலது நாற்காலியில் இருப்பவர். வட்டம் எந்தப் பக்கம் வந்தது என்பது கணக்கில் இல்லை. ஆனாலும் அது தன் விசையின் பக்கமே வந்தால் கை வேகமாகவும், எதிர்ப்பக்கம் வந்தால் தாமதமாகவும் அழுத்தும். இந்த நேர வித்தியாசம்தான் சைமன் விளைவு. ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டம்: முதலில் தனியாக, இரு கைகளாலும் இரு நிறங்களுக்கும், அடுத்து தனியாக, ஒரு நிறத்துக்கு மட்டும், கடைசியில் துணையுடன், அதே ஒரு நிறத்துக்கு. இரண்டாம் கட்டத்தில் விளைவு மறைய வேண்டும், ஆனால் மறையவில்லை. மூன்றாம் கட்டத்திலும் அதே அளவுதான். பிழை அமைப்பிலா, கணக்கிலா?

தறி:
பெரும்பாலும் வரிசைதான் காரணம். ஒரே விசை, ஒரே நிறம் என்றால் அந்த விசையை 'வலது' என்று மனம் குறித்துக்கொள்ளத் தேவையே இல்லை. 'அழுத்து, விடு' என்பதே போதும். வட்டம் இடப்பக்கம் வந்தாலும் அதோடு மோத எதுவும் இருக்காது, விளைவும் மறையும். ஆனால் சற்று முன்புதான் இரு கைகளால் 'இடம், வலம்' என்று பழகியவர், அந்தக் குறியீட்டை அடுத்த கட்டத்துக்கும் கூடவே கொண்டுவருவார். இரு கைக் கட்டத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அல்லது வேறு ஆட்களிடம் செய்யுங்கள். தனிக் கட்டம் முதலிலா, துணையோடு செய்வது முதலிலா என்பதைப் பாதிப் பாதியாக மாற்றிக் கொடுங்கள்.

இன்னொன்று: பயன்படுத்தாத கை எங்கே இருக்கிறது? மேசைமேல் மற்ற விசைக்கு அருகில் இருந்தால் அதுவே ஒரு 'இடது' ஆகிவிடும். மடியில் வைக்கச் சொல்லுங்கள். தனியாகச் செய்யும்போதும் ஆளை நடுவில் உட்காரவைக்காதீர்கள். அதே நாற்காலி, பக்கத்தில் காலி நாற்காலி, மற்றவரின் விசையும் அதே இடத்தில். இரு கட்டங்களுக்கும் ஆள் ஒருவர்தான் வித்தியாசமாக இருக்க வேண்டும்.

அகல்:
தறி சொன்னதோடு, தனிக் கட்டத்தின்போது அறையில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். செபான்ஸ், நோப்லிக், பிரின்ஸ் மூவரும் 2003-ல் இந்த விளைவை முதலில் காட்டியபோது, துணைவரின் செயலையும் நம் செயலைப்போலவே நாம் மனத்தில் ஏந்திக்கொள்வதே காரணம் என்றார்கள். 2013-ல் டோல்க் குழுவினர் துணைவருக்குப் பதிலாகக் கையசைக்கும் ஜப்பானியப் பூனைப் பொம்மையை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் விளைவு வந்தது! பக்கத்தில் கவனத்தை இழுக்கும் ஏதோ ஒன்று நிகழ்ந்தால், என் செயலை அதிலிருந்து பிரித்தறிய 'நான் வலது' என்று குறிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். டிக் டிக் என்னும் கடிகாரம், சுழலும் விசிறி, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஆய்வாளர் எல்லாமே தனிக் கட்டத்தைக் கெடுக்கும். ஆய்வாளர் பின்னால், பார்வைக்கு வெளியே இருக்கட்டும்.

துணைவரையும் பொருட்படுத்துங்கள். 2009-ல் ஹோமல் குழுவினர் நட்பாக நடந்துகொள்ளும் துணைவரையும் மிரட்டும் துணைவரையும் ஒப்பிட்டபோது, நட்பானவருடன் மட்டுமே விளைவு தெரிந்தது. ஆகவே சில ஜோடிகள் நண்பர்கள், சில ஜோடிகள் அந்நியர்கள் என்று கலக்காதீர்கள். கையெட்டும் தூரத்திலேயே உட்காரவையுங்கள். தள்ளி அமர்ந்தால் விளைவு மறைந்ததாக 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது.

பனிமலர்:
பூனையோடு விஷயம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் அகல். 2013-லேயே எஸ்கெனாசி குழுவினர் சொற்களை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. ஒரு வகைச் சொல் வந்தால் நான் அழுத்த வேண்டும், இன்னொரு வகைக்குத் துணைவர், மூன்றாம் வகை யாருக்கும் இல்லை. பிறகு முன்னறிவிப்பில்லாமல் நினைவைச் சோதித்தார்கள். துணைவருக்குரிய சொற்கள், யாருக்கும் இல்லாத சொற்களைவிட அதிகம் நினைவில் நின்றன. இரண்டுமே எனக்குத் தேவையற்றவை, இரண்டுக்கும் நான் அழுத்தவில்லை. இடம், வலம் என்ற குறியீட்டை வைத்து இதை விளக்க முடியாது. பக்கத்து ஆளின் வேலை என் கவனத்தைப் பங்கு போடுகிறது என்பதற்கு எனக்குச் சைமனைவிட இதுவே நல்ல சான்று. உங்களுக்கு நேரம் இருந்தால் முகில், கடைசியில் இப்படி ஒரு நினைவுச் சோதனையைச் சேருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் வட்டங்களுக்குப் பதில் சொற்கள் வேண்டும், முன்கூட்டி யாரிடமும் சொல்லவும் கூடாது.

முகில்:
நன்றி. வரிசையை மாற்றுகிறேன். விளைவு வெறும் 10 மில்லி செகண்ட் (மி.செ.) அளவுக்குத்தான் வரும் என்கிறார்கள். சாதாரண கீபோர்டு அதற்குப் போதுமா?

தறி:
போதும். 125 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 125 முறை விசைகளைச் சரிபார்க்கும் யூ.எஸ்.பி. கீபோர்டில் ஒவ்வோர் அழுத்தமும் 0 முதல் 8 மி.செ. வரை தாமதமாகப் பதிவாகும். அந்தச் சிதறலின் திட்ட விலக்கம் சுமார் 2.3 மி.செ.தான். மனிதர் ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் அதைவிடப் பல மடங்கு மாறுவார். நிலையான தாமதம் இரு நிலைகளிலும் சமமாக வருவதால் கழிந்துவிடும். இரண்டு கீபோர்டு செருகினால் பல மென்பொருள்கள் அவற்றைப் பிரித்தறியாது. ஆளுக்கு வேறு வேறு எழுத்து கொடுங்கள். விசையை அழுத்திப் பிடித்தால் வரும் திரும்பத்திரும்பப் பதிவையும் வடிகட்டுங்கள்.

மொத்தம் 256 சுற்று வைத்தால் ஒருவருக்கு 128, அதில் ஒத்த பக்கம் 64, எதிர்ப்பக்கம் 64. அதற்குக் குறைத்தால் 10 மி.செ. மூழ்கிப்போகும். தவறான அழுத்தங்களையும் ஒவ்வொரு பகுதியின் முதல் சுற்றையும் நீக்குங்கள். முந்தைய சுற்று ஒத்ததா எதிர்ப்பக்கமா என்று பிரித்தும் பாருங்கள், எதிர்ப்பக்கத்துக்குப் பின் விளைவு சுருங்கும். ஒரே ஜோடியின் இருவரும் தனித்தனித் தரவு அல்ல. கலப்பு மாதிரியில் (ஆளுக்கு ஆள், ஜோடிக்கு ஜோடி உள்ள மாறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) ஜோடியை ஒரு மட்டமாகச் சேர்க்காவிட்டால் பிழை வரம்பு பொய்யாகக் குறுகிவிடும்.