பிடித்த ஓர்க்கைப் பள்ளத்துக்கு மேல் இழுக்கலாமா?

ஹட்டனில் நாங்கள் நாலு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் கதை விளையாட்டு, 2014 விதிகள். நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவன். நேற்று மழையில் கரண்டும் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.

தம்பியின் வீரன் மலை விளிம்பில் ஓர்க் என்ற அரக்கன் ஒன்றைப் பிடித்தான். அத்லெட்டிக்ஸ் (உடல் வலிமை) பகடையில் வென்றான், ஓர்க்கின் வேகம் பூச்சியம், அதனால் தானாக நகர முடியாது. அதுவரை சரி. அப்புறம் பாதி வேகத்தில் விளிம்போரமாக நடந்து, "இழுத்துக்கொண்டு போறேன், ஓர்க் இப்ப பள்ளத்துக்கு மேலே" என்கிறான்! நகரும்போது கூடவே இழுக்கலாம் என்கிறது விதி. வரைபடத்தில் ஓர்க்கை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று சொல்லவில்லை. பின்னால்தான் வரும் என்பது என் கட்சி. பள்ளத்தில் போட வேண்டுமென்றால் தனியாக இன்னொரு பகடை உருட்டி 5 அடி தள்ளட்டும்.

உங்கள் மேசையில் எப்படித் தீர்ப்பீர்கள்? ஞாயிறுக்குள் சொல்லுங்கள், ஓர்க் அந்தரத்தில் நிற்கிறது.