நாக்கிங் பாயிண்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம்.

வில்வித்தைப் பயிற்சிக் கையேட்டுக்கு இரண்டு சொல் வேண்டும். நாணில் அம்பின் வாலை மாட்டும் இடத்துக்கு, அதாவது ‘நாக்கிங் பாயிண்ட்’டுக்கு, ஒன்று. நாண் இழுக்கும் விரல்களுக்குப் போடும் தோலுக்கு இன்னொன்று. முதலாவதற்குத் ‘தொடுப்புப் புள்ளி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவதை மைதானத்தில் எல்லாரும் ‘டேப்’ என்கிறார்கள். ‘டேப்பைக் கொண்டா’ என்றால் ஒரு பிள்ளை அளக்கிற டேப்பையும் இன்னொன்று ஒட்டுகிற டேப்பையும் தூக்கிக்கொண்டு வருகிறது.

(திருநகர்)

* * *

தம்பிக்கு,

‘தொடுப்பு’ மட்டும் வேண்டாம். மதுரைப் பக்கம் ‘அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கு’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கையேடு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் போகிறது. வேர்ச்சொல்லில் குறையில்லை, பூவையும் தொடுக்கிறோம், அம்பையும் தொடுக்கிறோம். ஆனால் ‘தொடுபுள்ளி’ என்று சுருக்கினால் கை தொடுகிற இடம் என்றுதான் படிப்பார்கள்.

பழைய சொல் ஒன்று கிடக்கிறது: குதை. வில்நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்கு விற்குதை என்று பெயர். அம்பு வாலில் உள்ள பிளவும் செய்வது அதே வேலைதான், ‘அம்புக்குதை’ எனலாம்.

அதற்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ‘பாயிண்ட்’ என்பதால் நாமும் புள்ளி புள்ளி என்கிறோம். நாணில் புள்ளி ஏது? மேலே ஒரு புடைப்பு, கீழே ஒரு புடைப்பு, நடுவில் ஓர் இடைவெளி. இடைவெளி ‘குதையிடம்’, புடைப்பு ‘குதைமுடிச்சு’. பிரிக்காமல் ‘12 மி.மீ. உயரம்’ என்று எழுதினால், ஒருவர் மேல்முடிச்சின் கீழ்விளிம்பு வரை அளப்பார், இன்னொருவர் கீழ்முடிச்சின் மேல்விளிம்பு வரை. அம்புக்குதையின் பருமன் அளவுக்கு வித்தியாசம் வந்துவிடும். மேல்முடிச்சின் கீழ்விளிம்பு என்று கையேட்டில் அடித்துச் சொல்லிவிடுங்கள்.

வைக்கும் முறை: முதலில் நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம். 68 அங்குல ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வில்லுக்கு 21.6 முதல் 22.2 செ.மீ. வரை. முடிச்சுப் போட்டபிறகு நாணை முறுக்கினால் எல்லா அளவும் மாறும். பிறகு டி வடிவ அளவுகோலை நாணில் மாட்டி, அதன் கையை அம்பு உட்காரும் தாங்கியில் படியவைத்து, 12 மி.மீ. மேலே குறியுங்கள். இது தொடக்க அளவுதான்.

முடிச்சு, மல்லிகை கட்டுகிறவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். மெழுகு நூலால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஆறேழு அரைமுடிச்சு, கடைசியில் இரட்டை முடிச்சு. பசையை உடனே வைக்காதீர்கள். பசை இல்லாதவரை முடிச்சைத் திருகினால் மரையில் ஓடுகிற மாதிரி நாண்மேல் ஏறும், இறங்கும்.

இரண்டு முடிச்சுக்கும் நடுவே அம்புக்குதையின் பருமனோடு அரை மி.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். முழுக்க இழுக்கும்போது விரலருகே நாண் கூர்மையாக மடங்கும். இடைவெளி இறுக்கமாக இருந்தால் முடிச்சுகள் குதையை நெரிக்கும், அம்பு தாங்கியை விட்டுத் தூக்கும். பையன் பிடி சரியில்லை என்று வீணாகத் திட்டு வாங்குவான்.

சரிபார்க்க, இறகுள்ள அம்பு மூன்று, இறகில்லாதது ஒன்று, 18 மீட்டரில். இறகில்லாதது மற்றவற்றுக்கு மேலே குத்தினால் குதையிடத்தை இறக்கத்தான் கை போகும். அது தப்பு, ஏற்ற வேண்டும். குதையிடம் தாழ்ந்திருப்பதால் வால் தாழ்ந்து முனை தூக்கியபடி போகிறது. திருத்திக்கொள்ள இறகு இல்லை. ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும். நிலைத்தபின் ஒரு சொட்டுப் பசை.

(அண்ணாநகர்)

* * *

அண்ணே, குதையிடம் அருமை. குதைமுடிச்சில்தான் தகராறு. பித்தளை வளையத்தைக் குறடால் நெருக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அது எப்படி முடிச்சாகும்? ‘குதைத்தடை’ என்றால் நூலுக்கும் வளையத்துக்கும் பொருந்தும். வளையம் கனம் கூடியது, விரலில் போட்ட தோலையும் அரிக்கும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

டேப்புக்கு ‘விரலுறை’ என்றால் கையுறை மாதிரி மாட்டுவது என்று நினைப்பார்கள். ‘புட்டில்’ பழைய சொல்தான், ஆனால் அம்புக்கூட்டுக்கும் அதே பெயர். ‘கோதை’ முன்கையில் கட்டும் தோல். ஆகவே ‘விரல்தோல்’. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் நிற்பது ‘இடைக்கட்டை’. அது இல்லாவிட்டால் இரண்டு விரலும் அம்பை நசுக்கும்.

வெட்டும் முறையையும் சேருங்கள். விரலை நீட்டிவைத்து வெட்டக்கூடாது. நாணை முதல் மூட்டுப் பள்ளத்தில் கொக்கிபோலப் பிடித்துக்கொண்டு, விரல்நுனிக்கு வெளியே இரண்டு மி.மீ. விட்டுக் குறித்து, கொஞ்சங்கொஞ்சமாக வெட்ட வேண்டும். நீளம் கூடினால் விடும்போது நாண் தோலை இழுத்துக்கொண்டு போகும். குறைந்தால் விரல்நுனித் தசையில் உரசும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் வியர்வை ஊறிய தோலை அப்படியே பையில் திணித்தால் மறுநாள் அப்பளம்தான். துடைத்து நிழலில் காயவைத்து, கொஞ்சம் முகப்பவுடர்.

(திருமங்கலம்)

* * *

குதைத்தடைக்குச் சம்மதம், மேல்தடை, கீழ்தடை என்று மைதானத்தில் கூப்பிடவும் வாட்டம். விரல்தோலும் இருக்கட்டும். நாணின் நடுவே சுற்றும் ‘சர்விங்’கை இப்போதைக்கு ‘நாண்சுற்று’ என்று எழுதுங்கள். அம்பை நாணில் மாட்டித் தொங்கவிட்டால் தானே விழக்கூடாது, பக்கத்தில் நாணைச் சுண்டினால் கழன்று விழ வேண்டும். விழாவிட்டால் சுற்றின் நூல் தடிமன். அதைப் பிரித்து மெல்லிய நூலால் சுற்றிய பிறகுதான் தடைகளைக் கட்ட வேண்டும். கையேட்டிலும் அந்தப் பகுதி முன்னால் வரட்டும்.

(அண்ணாநகர்)