கிளை வெட்டும்போது பட்டை உரிகிறது, ரம்பமும் சிக்கிக்கொள்கிறது. எங்கே தப்பு?

கேள்வி:
மணிக்கட்டுப் பருமனுள்ள கிளை ஒன்றைக் கைரம்பத்தால் மேலிருந்து அறுத்தேன். முக்கால்வாசி போனதும் படாரென்று முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் ஒரு முழத்துக்கு நார் நாராக உரித்துக்கொண்டு இறங்கிவிட்டது. அடுத்த கிளையில் உஷாராகக் கீழிருந்து ஆரம்பித்தேன். பாதிகூட வரவில்லை, ரம்பம் கவ்விக்கொண்டது, இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. தொடைப் பருமனில் வேறு ஒன்று பாக்கி. உரிந்த இடத்தில் தார் பூசலாமா?

பதில் 1:
கீழிருந்து ஆரம்பித்தது சரி, ஆழம்தான் அதிகம். கிளையின் பாரம் கீழே அழுத்துவதால் அடியில் போட்ட வெட்டு வாயை மூடிக்கொள்ளும். கால் பங்கு போதும். அதை அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள், அப்புறம் இரண்டு விரல் இன்னும் வெளியே தள்ளி மேலிருந்து முழுக்க அறுங்கள். முறிந்தாலும் பட்டை கீழ்வெட்டோடு நின்றுவிடும்.

மிஞ்சிய கட்டையைக் கடைசியில் எடுக்கலாம், ஆனால் அடிமரத்தோடு ஒட்ட வேண்டாம். கிளை மரத்தில் சேரும் இடம் கழுத்து மாதிரி புடைத்துச் சுருக்கம் விழுந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும், அதனால் அதைத் தொடாமல் வெளி ஓரத்தில் வெட்டுங்கள். நீளமாக விட்டாலும் கட்டை அழுகும்.

சிக்கிய ரம்பத்தை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். கிளை நுனியில் கயிறு கட்டி, மேல்கிளை வழியாகப் போட்டு, தள்ளி நின்று இழுத்தால் வாய் திறக்கும்.

பதில் 2:
தார் வேண்டாம், உள்ளே ஈரம்தான் தங்கும். தொங்குகிற நாரை மட்டும் கூரான கத்தியால் நறுக்கிவிடுங்கள்.

ஏணியை எங்கே சாத்தினீர்கள் என்று சொல்லவே இல்லையே? வெட்டுகிற கிளையில் என்றால் உடனே மாற்றுங்கள். நுனி விழுந்ததும் பாரம் குறைந்து கிளை சடக்கென்று மேலே எழும்பும், ஏணி நழுவும். நான் அப்படி விழுந்து ஆறு வாரம் கையில் கட்டோடு இருந்தேன். தொடைப் பருமனை ஏணியில் நின்று தொடவே தொடாதீர்கள், மரம் வெட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் அவரும் ஏறக்கூடாது.

கேட்டவர்:
அந்தக் கிளையில்தான் சாத்தியிருந்தேன்! கயிறு போட்டதும் ரம்பம் வந்துவிட்டது, இரண்டு பல் மட்டும் வளைந்திருக்கிறது. பெரிய கிளைக்கு ஆள் சொல்லியாயிற்று.