ஆர்டுயினோ இல்லாமல் எல்எம்75 அலாரம் அடிக்குமா?

ஒட்டுசுட்டான் கோழிக்கூடு:
வணக்கம். பல்ப் போட்டுச் செய்த குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று ஓடுகிறது, தெர்மோஸ்டாட் 37.5 டிகிரியில் பல்பை நிறுத்தும். அதில் பல்பை நிறுத்துகிற சுவிட்சான றிலே ஒட்டிப்போனால் பல்ப் நிற்காது, விடிய முதல் முட்டையெல்லாம் அவிந்துவிடும் என்பதுதான் பயம். அதனால் அந்தத் தெர்மோஸ்டாட்டோடு சம்பந்தமே இல்லாமல் 39 தாண்டினால் கத்துகிற பஸர் ஒன்று வேண்டும். கையில் வெப்பநிலை அளக்கிற சிப் எல்எம்75 இருக்கிறது, அதில் ஓஎஸ் என்று அலாரக் கால். 5 வோல்ற் கொடுத்து, சூடான தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஒட்டிவைத்து மீற்றரால் பார்த்தேன், அசைவே இல்லை. புரோகிராம் எழுதி ஓட்டுகிற ஆர்டுயினோ போர்ட் கட்டாயமா?

மாங்குளம் றேடியோ:
தம்பி, ஓஎஸ் ஓப்பன் டிரெய்ன். தானாக மேலே வராது, கீழே மட்டும்தான் இழுக்கும். 10 கே ரெசிஸ்டர் ஒன்றை அந்தக் காலிலிருந்து 5 வோல்ற்றுக்குப் போட்டுவிட்டுப் பாருங்கள். தரவுக் கால்களான எஸ்டிஏ, எஸ்சிஎல்லையும் அந்தரத்தில் விடாமல் 10 கே வழியாக மேலே கட்டுங்கள். அப்புறமும் தேத்தண்ணீருக்கு அசையாது, ஏனென்றால் கரண்ட் வந்தவுடன் அதன் எல்லை 80 டிகிரி, 75க்கு இறங்கினால்தான் விடும். ஆர்டுயினோவால் அந்த எல்லையை 39 என்று எழுதலாம், ஆனால் கரண்ட் போய் வந்தால் மறந்து திரும்பவும் 80க்கே போய்விடும். நம்மட பக்கம் கரண்ட் எத்தனை தரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பிழையும் 2 டிகிரி வரை இருக்கலாம், முட்டைக்குச் சரிவராது. சோலர் இன்வேட்டர் ஹீட்சிங்குக்கு என்றால் அந்த 80 அருமை, பிஎன்பி ரான்சிஸ்டர் ஒன்றும் பஸரும் போதும்.

வவுனியா வயரிங்:
உங்களுக்கு வேண்டியது டிஎஸ்1631ஏ என்கிற வெப்பநிலைச் சிப். எல்லைகள் கரண்ட் போனாலும் மறக்காத ஈப்ரொம் நினைவகத்தில் நிற்கும், கரண்ட் வந்தவுடன் தானே அளக்கத் தொடங்கும், பிழை அரை டிகிரி. கடைசியில் உள்ள ‘ஏ’ முக்கியம், அது இல்லாத 1631 யாராவது கட்டளை கொடுக்கும் வரை சும்மா இருக்கும். ஆர்டுயினோ ஒருமுறை மட்டும் தேவை, யாரிடமாவது இரவல் வாங்கி மேல் எல்லை 39, கீழ் எல்லை 38.5 எழுதி, சூடானால் அலாரக் கால் மேலே போகும்படி பொல் பிட்டை 1 ஆக்கிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். டீ-அவுட் என்கிற அலாரக் காலிலிருந்து 4.7 கே ரெசிஸ்டர் வழியாக பிசி547 ரான்சிஸ்டரின் பேஸ், எமிற்றர் கிரவுண்டில், பஸர் 5 வோல்ற்றுக்கும் கலெக்டருக்கும் நடுவே. கடைக்காரர் டிஎஸ்18பி20 சென்சர் தந்தால் வாங்காதீர்கள், அதில் அலார எல்லை இருக்கிறது, அலாரக் கால் இல்லை.

ஒட்டுசுட்டான் கோழிக்கூடு:
நன்றி அண்ணை. இரவல் ஆர்டுயினோவும் கிடைக்காவிட்டால்?

மாங்குளம் றேடியோ:
வெப்பநிலைச் சென்சர் எல்எம்35, இரண்டு வோல்ற்றை ஒப்பிடுகிற எல்எம்393, எல்லையைத் திருகி வைக்க ஒரு டிரிம்பொட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ற் தரும், ஆகவே 39க்கு டிரிம்பொட்டில் 390 மில்லிவோல்ற். காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டரையும் சென்சரையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒன்றாக வைத்துச் சரிபாருங்கள், கால்களை முதலில் நனையாமல் சுற்றிக்கொண்டு. எந்த வழி என்றாலும் சென்சரை முட்டை மட்டத்தில் வையுங்கள், பல்புக்குக் கிட்ட வைத்தால் இரவு முழுக்கக் கத்தும். அலாரத்துக்குத் தனிப் பற்றரி கொடுங்கள்.