சில்வர்ஸ்டீன் புத்தகத்துக்கு எதிரான புகார்: பதில் எழுத உதவி தேவை

வணக்கம். அமெரிக்காவில் பள்ளி நூலகக் குழுவில் இருந்தவர்கள் இங்கே உண்டா? மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில், ஷெல் சில்வர்ஸ்டீனின் 'எ லைட் இன் தி அட்டிக்' (1981) கவிதை நூலை எடுத்துவிடச் சொல்லி ஒரு அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். பரிசீலனைக் குழுவில் நானும் இருக்கிறேன்.

புகார் இரண்டு கவிதைகள் மேல். பாத்திரம் துடைக்கப் பிடிக்கவில்லையா, ஒன்றைக் கீழே போட்டுவிடு, அப்புறம் கூப்பிடமாட்டார்கள் என்கிறது ஒன்று. இதற்காக 1980களிலேயே விஸ்கான்சினில் எதிர்ப்பு வந்தது. (என் மகள் இதைப் படிக்காமலே தட்டு உடைப்பவள், அது வேறு கதை.) இன்னொன்றில், மட்டக்குதிரை வாங்கித் தராததால் அபிகெய்ல் என்ற சிறுமி செத்தே போகிறாள். முதலாவதைச் சிரித்துக் கடக்கலாம். இரண்டாவதற்குத்தான் அந்த அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாமல் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1990களுக்கான 'அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்கள்' பட்டியலில் இது இருக்கிறது என்று மட்டும் சொன்னால் எடுபடாது.

இப்படிப் பதில் எழுதியவர்கள் மாதிரிக் கடிதம் அனுப்ப முடியுமா? இரண்டு பக்கத்தை வைத்து முடிவெடுக்காமல் நூலை முழுதாகப் படிக்க வேண்டும் என்று குழுவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? கூட்டம் அடுத்த வியாழன்.